வாசகர் கேள்வி பதில்: ரெண்டு புள்ளியும் ஒண்டுதானே, பிறகேன் இல்லையெண்டு சொல்லுது?

இந்த முறை வந்த கேள்விகளப் பிரிச்சுப் பாக்கேக்க, ஜாவா படிக்கிற பிள்ளை, ஃபோனுக்கு ஆப் எழுதுற தம்பி, பைதான் படிப்பிக்கிற டீச்சர், நில அளவை வேலை செய்யிறவர் எண்டு ஆளாளுக்கு ஒவ்வொரு பக்கத்தால வந்து ஒரே விஷயத்தத்தான் கேட்டிருக்கிறாங்க. ரெண்டு புள்ளி, அதாவது ரெண்டு எண்ணால ஒரு இடத்தக் காட்டுற ஆள்கூறு, சமனோ எண்டு கம்ப்யூட்டரிட்ட எப்பிடிக் கேக்கிறது? பாக்கச் சின்னக் கேள்வி, ஆனா இதுக்குள்ள மூண்டு வேற வேற கேள்வி ஒளிஞ்சிருக்கு: ரெண்டும் ஒரே ஒப்ஜெக்டோ (மெமரியில இருக்கிற ஒரே பொருளோ), ரெண்டுக்குள்ளயும் ஒரே எண்ணோ, ரெண்டும் நிலத்தில ஒரே இடமோ. இதில எதக் கேக்கிறம் எண்டு முதல்ல முடிவெடுக்காம கோட் எழுதினா எந்த மொழியில எழுதினாலும் சிக்கல்தான், அதால இந்த இதழ்ப் பக்கம் முழுக்க இதுக்கே விட்டிருக்கிறன்.

கேள்வி: அண்ணா, நான் கெம்பஸ்ல ரெண்டாம் வருஷம். ஜாவால புள்ளிக்கு ஒரு கிளாஸ் எழுதினன், உள்ள எக்ஸ், வை எண்டு ரெண்டு முழு எண். ரெண்டு புள்ளி செஞ்சன், ரெண்டுக்கும் 3, 5 தான் குடுத்தன். சமனோ எண்டு கேக்க == போட்டா ஃபால்ஸ் (இல்ல) எண்டு வருது. சேர் ஈக்வல்ஸ் மெதட் எழுதச் சொன்னார், எழுதினன், நேரா கூப்பிட்டா ட்ரூ வருது. ஆனா ஒரே பொருள ரெண்டு தரம் வச்சிருக்காத ஹாஷ்செட்டுக்குள்ள ரெண்டையும் போட்டா சைஸ் 2 எண்டுதான் காட்டுது. எங்க பிழை? (உப்புவெளி வாசகி)

பதில்: தங்கச்சி, ஜாவால ரெண்டு ஒப்ஜெக்டுக்கு நடுவில == போட்டா அது உள்ள இருக்கிற எண்ணத் திறந்து பாக்காது, ரெண்டு பேரும் மெமரியில ஒரே ஒப்ஜெக்டத்தான் காட்டுதோ எண்டு மட்டும் பாக்கும். நீங்க நியூ எண்டு ரெண்டு தரம் போட்டிட்டீங்க, அப்ப ஒப்ஜெக்ட் ரெண்டு, ஃபால்ஸ் வாறது சரியான பதில். வெறும் இன்ட் ரெண்டுக்கு == போட்டா எண்ணத்தான் பாக்கும், அந்தப் பழக்கத்தில ஒப்ஜெக்டுக்கும் அப்பிடியே போட்டிடுறம், கனபேர் தடுக்கி விழுற இடம் இது.

ஈக்வல்ஸ் எழுதினது நல்லம். ஆனா ஹாஷ்செட் முதல்ல ஈக்வல்ஸ்கிட்டப் போறதில்ல. கோயில் வாசல்ல செருப்புக்கு டோக்கன் தந்தா, திரும்பி வரேக்க டோக்கன் நம்பரப் பாத்து அந்தத் தட்டுக்கு மட்டும்தானே போவாங்க, எல்லாத் தட்டையும் கிண்டிப் பாக்க மாட்டாங்க, அப்பிடித்தான் ஹாஷ்செட் முதல்ல ஹாஷ்கோட, அதாவது ஒப்ஜெக்டோட டோக்கன் நம்பரக் கேட்டு, அந்த நம்பருக்குரிய இடத்துக்கு மட்டும் போய், அங்க அதே ஹாஷ்கோடோட ஒண்டு இருந்தாத்தான் ஈக்வல்ஸக் கூப்பிடும். நீங்க ஹாஷ்கோட் எழுதாதபடியா ஜாவா தன்ர பாட்டில ஒவ்வொரு ஒப்ஜெக்டுக்கும் ஒவ்வொரு நம்பர் குடுத்திட்டு. உங்கட 3, 5 ரெண்டும் வேற வேற நம்பரோட போய் நிக்குது, நீங்க எழுதின ஈக்வல்ஸ அங்க ஒருத்தரும் கூப்பிடவே இல்ல. ஈக்வல்ஸ் எழுதினா ஹாஷ்கோடும் எழுதியே ஆகோணும், சமனான ரெண்டு ஒப்ஜெக்டுக்கு ஒரே ஹாஷ்கோட் வரோணும் எண்டது ஜாவா போட்டிருக்கிற ஒப்பந்தம். ஒப்ஜெக்ட்ஸ் கிளாஸ்ல இருக்கிற ஹாஷ் மெதடுக்கு எக்ஸையும் வையையும் குடுத்தா அது பாத்துக்கொள்ளும். சிலபேர் எக்ஸையும் வையையும் கூட்டி விட்டிடுவாங்க, அது பிழையில்ல, ஆனா 3, 5க்கும் 5, 3க்கும் 4, 4க்கும் எல்லாத்துக்கும் 8 எண்டு வந்து ஒரே இடத்தில குவிஞ்சு போய்த் தேடுறது மந்தமாகும்.

இன்னொண்டையும் பாருங்க, உங்கட ஈக்வல்ஸ்ல அடைப்புக்குள்ள என்ன டைப் போட்டிருக்கிறீங்க? உங்கட புள்ளி கிளாஸோட பேரப் போட்டிருந்தா அது ஒவர்ரைட் (பழைய மெதடுக்குப் பதிலா எழுதுறது) இல்ல, ஒவர்லோட் (அதே பேர்ல இன்னொண்டு சேக்கிறது). நேரா கூப்பிடேக்க ட்ரூ எண்டு வரும், ஆனா ஹாஷ்செட்டும் அர்ரேலிஸ்டும் தேடுறது ஒப்ஜெக்ட் எண்ட டைப் வாங்குற ஈக்வல்ஸ. அதால மேல ஒவர்ரைட் அன்னொட்டேஷனக் கட்டாயம் போடுங்க, பிழையெண்டா கம்பைலரே நிப்பாட்டிச் சொல்லும்.

எல்லாம் சரியா எழுதின பிறகும் ஒரு பொறி இருக்கு. புள்ளிய செட்டுக்குள்ள போட்டிட்டு பிறகு எக்ஸ 3ல இருந்து 4 ஆக்கினீங்க எண்டா, அது பழைய ஹாஷ்கோட் காட்டின இடத்தில கிடக்கும், நீங்க தேடேக்க புது ஹாஷ்கோட் வேற இடத்தக் காட்டும், உள்ளுக்க இருந்தும் இல்லையெண்டு சொல்லும். இந்த பக் பிடிக்கிறது சரியான கஷ்டம், ஏனெண்டா பிரிண்ட் பண்ணிப் பாத்தா புள்ளி அங்கதான் நிக்கும். புள்ளி எண்டா ஃபைனல், அதாவது பிறகு மாத்த ஏலாத ஃபீல்ட்தான், நகத்தோணும் எண்டா புதுப் புள்ளி ஒண்டு செய்யிறது, இதில எனக்கு ரெண்டு கதையில்ல. ஜாவா 16 இல, அதாவது 2021ல, ரெக்கோர்ட் எண்ட கிளாஸ் வகை நிரந்தரமா வந்திட்டு, அதில எழுதினா ஃபீல்ட் ஃபைனல், ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் மூண்டும் தானா வரும். அசைன்மென்டுக்கு கையால எழுதுங்க, எழுதினாத்தான் விளங்கும், வேலைக்குப் போனா ரெக்கோர்ட் போடுங்க.

கேள்வி: அண்ணன், எங்கட ஊர்ல கடல் தொழிலுக்குப் போறவங்களுக்கு ஒரு ஆண்ட்ரொய்ட் ஆப் செய்யிறன். நல்லா மீன் படுற இடத்தில பட்டன அமத்தினா ஜிபிஎஸ் ஆள்கூறு சேவ் ஆகும், திரும்ப அதே இடத்துக்கு வந்தா பழைய இடம் எண்டு சொல்லோணும். == போட்டன், ஒரு நாளும் பொருந்தல்ல. பிறகு 4 தசம தானத்துக்கு றவுண்ட் பண்ணிப் பாத்தன், சில நேரம் பொருந்துது சில நேரம் இல்ல. (கிண்ணியா வாசகர்)

பதில்: தம்பி, நீங்க கேக்கிறது மூண்டாவது கேள்வி, நிலத்தில, இல்ல, உங்கட கணக்குக்குக் கடல்ல ஒரே இடமோ எண்டது. இதுக்கு == ஒரு நாளும் உதவாது. வானம் வெளிச்சிருந்தாலும் சாதாரண ஃபோன் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவில அங்கால இங்கால சொல்லும், அதோட வள்ளம் ஒரு இடத்தில நிக்கிறதும் இல்ல, நீரோட்டம் இழுக்கும். நிலாவெளிக்கு வெளியால கடல்ல 8.701412, 81.262103 எண்டு ஒரு வாசிப்பும் 8.701437, 81.262088 எண்டு இன்னொரு வாசிப்பும் வந்தா, ரெண்டுக்கும் இடையில வடக்குத் தெற்கா 2.8 மீட்டர், கிழக்கு மேற்கா 1.7 மீட்டர், நேரா அளந்தா 3 மீட்டர் சொச்சம். தொழிலுக்குப் போறவருக்கு அது ஒரே இடம், == க்கு அது ரெண்டு உலகம்.

றவுண்ட் பண்ணுறது ஏன் சில நேரம் மட்டும் வேலை செய்யுது எண்டத எண்ணப் போட்டே பாருங்க. 8.70144 ஐ 4 தானத்துக்கு எடுத்தா 8.7014, 8.70146 ஐ எடுத்தா 8.7015. ரெண்டுக்கும் இடையில 2 மீட்டர் சொச்சம்தான், ஆனா வேற இடம் எண்டு சொல்லிட்டு. அதே நேரம் 8.70146 உம் 8.70154 உம் 9 மீட்டருக்குக் கிட்ட தள்ளி நிக்குது, ரெண்டும் 8.7015 ஆகி ஒரே இடம் எண்டு வந்திட்டு. கிட்ட இருக்கிறது வேற, தூர இருக்கிறது ஒண்டு! எத்தின தானத்துக்கு றவுண்ட் பண்ணினாலும் எங்கயோ ஒரு எல்லைக்கோடு விழும், அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் பக்கத்தில பக்கத்தில நிக்கிற ரெண்டு புள்ளி பிரிஞ்சே தீரும்.

அதால தூரத்த அளவுங்க. ஆண்ட்ரொய்ட் லொகேஷன் கிளாஸ்லயே டிஸ்டன்ஸ்டூ எண்டு மெதட் இருக்கு, மீட்டர்ல விடை தரும். நீங்களே எழுதுறதெண்டாலும் கஷ்டமில்ல, எங்கட திருகோணமலை அகலக்கோடு 8 பாகை சொச்சம், பூமத்திய ரேகைக்குக் கிட்ட, இங்க அகலக்கோட்டில 1 பாகை 110.6 கிலோமீட்டர், நெடுங்கோட்டில 1 பாகை 110 கிலோமீட்டர் அளவு. வித்தியாசம் ரெண்டையும் மீட்டராக்கி, வர்க்கம் எடுத்துக் கூட்டி, 20 மீட்டர் எல்லையெண்டா 400 ஐ விடக் குறைவோ எண்டு பாத்தாப் போதும், வர்க்கமூலம் கூடத் தேவையில்ல. அகலக்கோட்டத் தனிய, நெடுங்கோட்டத் தனிய 20 மீட்டருக்குள்ளயோ எண்டு பாக்கிறதும் நடக்கும், ஆனா அது வட்டமில்ல, சதுரம், மூலையில நிக்கிற புள்ளி 28 மீட்டர் தள்ளி இருந்தாலும் உள்ள வந்திடும். எல்லை 20 ஓ 50 ஓ எண்டத நீங்க ரூமுக்குள்ள இருந்து முடிவெடுக்காதீங்க, வலை போடுறவங்களிட்டக் கேளுங்க, பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேல தூண்டில் போடுறவருக்கு வேற அளவு, வலை விரிக்கிறவருக்கு வேற அளவு.

லொகேஷனோட அக்யூரசி எண்டு ஒரு எண்ணும் வரும், அதையும் பாருங்க. உண்மையான இடம் அந்த ஆரைக்குள்ள இருக்க 68 வீத வாய்ப்பு எண்டதுதான் அதிட கருத்து. அக்யூரசி 40 எண்டு வந்த வாசிப்ப 20 மீட்டர் எல்லையோட ஒப்பிட்டு ஒரு பிரயோசனமும் இல்ல, சேவ் பண்ணாம கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க.

எண்ண எதில வச்சிருக்கிறீங்க, ஃப்ளோட்லயோ (32 பிட் தசம எண்) டபுள்லயோ (64 பிட்)? இதச் சொல்லாம விட ஏலாது. 32 பிட் ஃப்ளோட்ல 81 எண்ட எண்ணுக்குப் பக்கத்தில அடுத்தடுத்த ரெண்டு எண்ணுக்கு நடுவில இருக்கிற இடைவெளி 0.0000076 பாகை, எங்கட கடல்ல அது 84 சென்டிமீட்டர். அகலக்கோடு 8 க்கும் 16 க்கும் இடையில இருக்கிறதால அதில இடைவெளி 10 சென்டிமீட்டர் மட்டும். ஒரே புள்ளிக்கு ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர், மற்றப் பக்கம் 84, இதத் தெரியாம ஃப்ளோட்ல சேவ் பண்ணிட்டு டபுள்ல வாசிச்ச எண்ணோட ஒப்பிட்டா கட்டாயம் பொருந்தாது. டபுள்ல வையுங்க. இல்லையெண்டா இன்னும் நல்ல வழி ஒண்டு இருக்கு, பாகைய 1 கோடியால பெருக்கி முழு எண்ணா வையுங்க, 81.262103 எண்டது 812621030 ஆகும். 180 பாகையும் 180 கோடிதான், 32 பிட் முழு எண்ணுக்கு 214 கோடி மட்டும் இடமிருக்கு, அழகா அடங்கும், ஒரு படி 1 சென்டிமீட்டர் சொச்சம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் ஆள்கூற இப்பிடித்தான் வச்சிருக்கு. சேவ் பண்ணின இதே பதிவு திரும்ப வந்ததோ எண்டு பாக்க இந்த முழு எண்ணில தாராளமா == போடலாம்.

கடைசியா, உங்கட தூர எல்லைய ஈக்வல்ஸ்குள்ள எழுதிப்போடாதீங்க தம்பி. ஏனெண்டா ஏ யில இருந்து பி 15 மீட்டர், பி யில இருந்து அதே திசையில சி 15 மீட்டர் எண்டா, ஏ உம் பி உம் ஒண்டு, பி உம் சி உம் ஒண்டு, ஆனா ஏ உம் சி உம் 30 மீட்டர், வேற. சமன் எண்டா அப்பிடி நடக்கக்கூடாது, மேல தங்கச்சிக்குச் சொன்ன ஒப்பந்தம் அங்கயே உடைஞ்சு போகும், ஹாஷ்செட்டும் தாறுமாறா நடக்கும். கிட்ட இருக்கோ எண்டு கேக்க வேற பேர்ல ஒரு ஃபங்ஷன் எழுதுங்க. முதல்ல சேவ் பண்ணின புள்ளியையே நங்கூரமா வச்சு அதோட மட்டும் தூரம் பாருங்க, ஒவ்வொரு தரமும் சராசரி எடுத்து இடத்த நகத்தினா கொஞ்சம் கொஞ்சமா வேற பாருக்கே போயிடும். இடங்கள் ஆயிரக்கணக்கில சேந்தா கடலப் 20 மீட்டர் கட்டங்களாப் பிரிச்சு, நிக்கிற கட்டத்தையும் சுத்தியிருக்கிற 8 கட்டத்தையும் மட்டும் தேடுங்க, 8 ஐ விட்டா முந்திச் சொன்ன எல்லைக்கோட்டுப் பிரச்சினை திரும்ப வந்திடும்.

கேள்வி: தம்பி, ஏ லெவல் பிள்ளைகளுக்கு ஐசிடி படிப்பிக்கிறன். பைதான்ல டியூப்பிளா, அதாவது அடைப்புக்குள்ள ரெண்டு எண்ணா, புள்ளிய எழுதினா == சரியா வேலை செய்யுது, கிளாஸா எழுதினா இல்ல. அதோட 1, 0 எண்ட புள்ளிய 90 பாகை சுத்தினா 0, 1 தானே வரோணும், அதையும் சமனில்ல எண்டு சொல்லுது. பிள்ளைகளுக்கு என்ன சொல்ல? (நகரப் பகுதி ஆசிரியை)

பதில்: டீச்சர், முதல் பாதி லேசு. டியூப்பிள் தன்ர உள்ளுக்க இருக்கிறத ஒண்டொண்டா ஒப்பிடும், நாங்க எழுதுற கிளாஸ் நாங்க சொல்லித் தராட்டி ஒரே ஒப்ஜெக்டோ எண்டு மட்டும்தான் பாக்கும், ஜாவா மாதிரியே. பைதான் 3.7 ல 2018ல வந்த டேட்டாகிளாஸப் போட்டா ஒப்பிடுறது தானா வரும், செட்டுக்குள்ள போடோணும் எண்டா பிறகு மாத்த ஏலாம ஆக்குற ஃப்ரோசன் ட்ரூ எண்டும் குடுங்க. பைதான்ல எனக்குப் பிடிச்ச விஷயம், ஒப்பிடுற மெதட மட்டும் எழுதி ஹாஷ் எழுதாம விட்டா, செட்டுக்குள்ள போடேக்கயே எரர் தந்து நிப்பாட்டிடும், ஜாவா மாதிரிச் சத்தமில்லாமப் பிழைய விடாது.

ரெண்டாவதுதான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது. π (பை) இல பாதிக்கு, அதாவது 90 பாகைக்கு, கோசைன் எடுத்து பிரிண்ட் பண்ணிக் காட்டுங்க, 0 வராது, 6.123 ஐ 10 இன் மறை 17 ஆம் வலுவால பெருக்கின சின்ன எண் ஒண்டு வரும். பை முடிவில்லாத தசமம், டபுள்ல 53 பிட்டுக்குத்தான் இடம், மிச்சம் வெட்டுப்பட்டுப் போச்சு, அந்த வெட்டுப்பட்ட துண்டத்தான் கோசைன் எங்களுக்குத் திருப்பிக் காட்டுது. கம்ப்யூட்டர் கணக்குப் பிழைவிட்டிட்டு எண்டு பிள்ளைகள் நினைக்காமப் பாத்துக்கொள்ளுங்க, அது தன்ர சட்டப்படி சரியாத்தான் செய்யுது, அந்தச் சட்டத்துக்குப் பேர் ஐஈஈஈ 754, 1985ல வந்தது, அதில பெரிய பங்கு வில்லியம் கஹானுக்கு, 1989ல டூரிங் விருதும் கிடைச்சுது. 0.1 ஐ 10 தரம் கூட்டச் சொல்லிப் பாருங்க, 1 வராது, 0.9999999999999999 வரும். 3 இன் கீழ் 1 ஐ தசமத்தில முடிக்க ஏலாத மாதிரி 10 இன் கீழ் 1 ஐ துவித எண்ணில முடிக்க ஏலாது, ஏ லெவல் பிள்ளைக்கு இது வடிவா விளங்கும்.

ஒப்பிட மேத் மொடியூல்ல இஸ்குளோஸ் இருக்கு, ஆனா அது தானா பாக்கிறது விகித வித்தியாசத்த, 100 கோடியில ஒரு பங்கு. ஒரு பக்கம் 0 எண்டா எவ்வளவு சின்ன எண்ணும் அதுக்குச் சமனாகாது, அதால உங்கட சுத்தின புள்ளியோட எக்ஸுக்கு அது ஃபால்ஸ் எண்டே சொல்லும். ஏபிஎஸ் டொல் (abs_tol, விகிதம் பாக்காம நேர வித்தியாசத்துக்குப் போடுற எல்லை) எண்டதுக்கு 0.000000001 மாதிரி ஒண்ட நீங்க குடுக்கோணும். ஆள்கூறில 0 அடிக்கடி வாற எண், இதக் கட்டாயம் சொல்லிக் குடுங்க.

கேள்வி: நில அளவைப் படம் கீறுற வேலை. பழைய பிளான் ஒண்டையும் புது பிளான் ஒண்டையும் ஒரே காணி மூலையில வச்சு ஒப்பிடுற சின்ன புரோக்ராம் எழுதினன், ஒரு மூலையும் சமனா வருதில்ல, எவ்வளவு விட்டுக்குடுத்துப் பாத்தாலும் இல்ல. (தம்பலகாமம் வாசகர்)

பதில்: ஐயா, எண்ண ஒப்பிட முந்தி எந்த கிரிட் (நாட்டுப் படத்துக்குப் போட்ட ஆள்கூற்றுக் கட்டம்) எண்டு பாருங்க. பழைய கந்தவல மீட்டர் கிரிட்ல பிதுருதலாகலை மலைக்கு 200000, 200000 எண்டு தொடங்கும், புது கிரிட்டான எஸ்எல்டி 99 ல 500000, 500000. எங்கட திருகோணமலை டவுன் பழசில வடக்கு 373000 பக்கம், புதுசில 673000 பக்கம், மண் ஒண்டுதான் எண் வேற. 300000 ஐக் கழிச்சா முடிஞ்சுது எண்டும் விட்டிடாதீங்க, ரெண்டும் வேற டேட்டம் (பூமியோட வடிவத்துக்கு எடுத்த அடிப்படை), முறையா மாத்தி எடுத்துத்தான் ஒப்பிடோணும். புரோக்ராம்ல புள்ளியோட கிரிட் பேரையும் ஒரு ஃபீல்டா வையுங்க, கிரிட் வேறயெண்டா ஒப்பிடவே விடாம எரர் குடுங்க, ஃபால்ஸ் எண்டு மட்டும் சொன்னா இப்பிடித்தான் நாள்க்கணக்கில தேட வைக்கும். ஃப்ளோட்ல வச்சிருந்தா அதையும் மாத்துங்க, 600000 அளவு எண்ணில ஃப்ளோட்டோட ஒரு படி 6.25 சென்டிமீட்டர், காணி எல்லைக்கு அது கூடாது.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்ல ரெண்டு புள்ளிய ஜேசன் (தகவல எழுத்தா எழுதுற முறை) ஸ்ட்ரிங் ஆக்கி === போட்டு ஒப்பிடுறன், லேசா இருக்கு, இது சரியோ? (ஒர்ஸ் ஹில் வாசகர்)

பதில்: வேண்டாம். ஒண்டில அகலக்கோடு முன்னால, மற்றதில நெடுங்கோடு முன்னால எழுதியிருந்தா ஒரே புள்ளியே வேற ஸ்ட்ரிங் ஆகிடும். இடங்கள எழுதுற ஜேசன் வகையான ஜியோஜேசன்ல நெடுங்கோடுதான் முதல்ல வரோணும், கனக்க மேப்ல அகலக்கோடு முதல்ல, இத மாறிக் குடுத்தா திருகோணமலை ஸ்வால்பார்டுக்கு அங்கால ஆர்க்டிக் கடல்ல போய் விழும். ரெண்டு ஃபீல்டையும் பேர் சொல்லி === போட்டு ஒப்பிடுங்க, ரெண்டு வரிதானே. அதோட ஜிபிஎஸ் கிடைக்காம கணக்கு NaN (எண்ணே இல்ல) எண்டு வந்திட்டா, அந்த NaN தனக்குத் தானே சமனில்ல எண்டுதான் === சொல்லும், அது நல்லது, ஆனா ஜேசன் அத null (வெறுமை) ஆக்கிடும், null உம் null உம் ஒரே ஸ்ட்ரிங், பழுதான வாசிப்பு ரெண்டும் ஒரே இடம் எண்டு டேட்டாபேஸ்ல போய் இருந்திடும். சேவ் பண்ண முந்தியே ரெண்டையும் முறையான எண்ணோ எண்டு நம்பர் இஸ்ஃபைனைட் போட்டுப் பாத்து, இல்லையெண்டா வாசிப்பத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க.